ஒரு சோறு பதமா? குர்து மக்களும் தடுப்பூசிக் கருத்தாய்வுகளும்

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் பழமொழி. பானை முழுவதையும் யாரும் நசுக்கிப் பார்ப்பதில்லை. ஒரு பருக்கையை எடுத்து அழுத்திப் பார்த்தாலே சோறு வெந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். புள்ளியியல் அறிஞர்கள் இதையே 'மாதிரி ஆய்வு' என்கிறார்கள். கோடிக்கணக்கானவர்களின் கருத்தைச் சில ஆயிரம் பேரைக் கேட்டே அறிந்துகொள்ளும் முறை அது.

ஆனால் இந்தப் பழமொழிக்குள் சொல்லப்படாத இரண்டு நிபந்தனைகள் அடங்கியிருக்கின்றன. பானை ஒன்றாக இருக்க வேண்டும். அதிலுள்ள அரிசி முழுவதும் ஒரே சீராக வெந்திருக்க வேண்டும். நான்கு அடுப்புகளில் நான்கு பானைகள் இருக்கும்போது, ஒரு பானையின் மேற்பரப்பில் ஒரு பருக்கையை எடுத்துவிட்டு, "எல்லாப் பானையும் வெந்துவிட்டது" என்று சொன்னால் அதை ஏற்றுக்கொள்வீர்களா?

கோவிட் கொள்ளைநோய்க் காலத்தில் குர்து மக்களின் தடுப்பூசி மனப்பான்மையைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளைப் படிக்கும்போது இந்தக் கேள்வியே எழுகிறது. ஈராக்கின் குர்திஸ்தான் பகுதியிலுள்ள பல்கலைக்கழக ஆசிரியர்களும் மருத்துவர்களும் 2020இன் இறுதியிலிருந்து இத்தகைய ஆய்வுகளை நடத்தி வெளியிட்டார்கள். "தடுப்பூசி வந்தால் போட்டுக்கொள்வீர்களா?" என்று கேட்டு, இத்தனை விழுக்காட்டினர் விரும்புகின்றனர், இத்தனை விழுக்காட்டினர் தயங்குகின்றனர் என்று கணக்கிட்டார்கள். இந்த வகை ஆய்வுகளின் நிறை குறைகளை எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது வெறும் கணக்குப் பிரச்சினை அன்று. "இந்த மக்கள் தடுப்பூசியை விரும்பாதவர்கள்" என்று ஓர் எண் சொல்லிவிட்டால், ஊசி அவர்களைச் சென்று சேராமல் போனதற்கான பழியும் அவர்கள் தலையிலேயே விழும். அதிகாரிகளின் பொறுப்பு குறைந்துவிடும். எனவே அந்த எண் எப்படிப் பிறந்தது என்று கேட்பது நம் கடமையாகிறது.

நான்கு பானைகள்

முதலில் குர்து மக்கள் யார் என்று பார்ப்போம். மூன்று கோடியிலிருந்து நான்கு கோடி வரை இருப்பார்கள் என்று மதிப்பிடப்படும் இவர்களுக்குத் தனி நாடு கிடையாது. முதல் உலகப் போருக்குப் பின் 1920இல் கையெழுத்தான செவ்ரே உடன்படிக்கை அவர்களுக்குத் தன்னாட்சி கிடைக்கலாம் என்ற நம்பிக்கையைத் தந்தது. 1923இல் வந்த லோசான் உடன்படிக்கையில் அந்தப் பேச்சே இல்லை. மலைகள் நிறைந்த அவர்கள் தாயகம் துருக்கி, ஈரான், ஈராக், சிரியா ஆகிய நான்கு நாடுகளுக்குள் பங்கு போய்விட்டது.

ஆகவே 2021இல் ஒரு குர்து விவசாயிக்கு எந்தத் தடுப்பூசி, எப்போது கிடைக்கும் என்பதை அவருடைய மனப்பான்மை முடிவு செய்யவில்லை. அவர் எல்லைக்கோட்டின் எந்தப் பக்கத்தில் பிறந்தார் என்பதே முடிவு செய்தது.

துருக்கியில் 2021 ஜனவரி 14 அன்று சீனாவின் சைனோவாக் தடுப்பூசியுடன் பணி தொடங்கியது. ஈரானில் 2021 ஜனவரி 8 அன்று, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தயாராகும் தடுப்பூசிகளை நாட்டுக்குள் விடக்கூடாது என்று அந்நாட்டின் உயர்தலைவர் காமெனி அறிவித்தார். அங்கே பிப்ரவரியில் ரஷ்யாவின் ஸ்புட்னிக் ஊசியுடன் பணி தொடங்கியபோதிலும் கையிருப்பு மிகக் குறைவாகவே இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடு முழுவதிலுமாக ஒரே நாளில் 700 பேருக்கு மேல் இறந்ததும் உண்டு. ஈராக்கில் மார்ச் 2 அன்று சீனா அன்பளிப்பாகக் கொடுத்த 50,000 தவணை சைனோபார்ம் ஊசியுடன் பணி ஆரம்பமாயிற்று. சிரியாவின் வடகிழக்கில் வாழும் குர்து மக்களின் நிலை இன்னும் மோசம். ஐ.நா. உதவிப் பொருள்கள் ஈராக்கிலிருந்து நேராக வந்துகொண்டிருந்த யாருபியா எல்லை வாயில், 2020 ஜனவரியில் பாதுகாப்பு அவை எடுத்த முடிவால் மூடப்பட்டது. அதன் பின் ஐ.நா. உதவிகள் தலைநகர் டமாஸ்கஸ் வழியாகவே அவர்களை அடைய வேண்டியிருந்தது.

இந்நிலையில் ஒரு நாட்டில், ஒரு பகுதியில் எடுத்த கணக்கை வைத்து 'குர்து மக்களின் மனப்பான்மை' என்று பொதுவாகப் பேச முடியுமா? ஆய்வு செய்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் பகுதியை மட்டுமே குறிப்பிட்டு எழுதினார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த எண் கைமாறிக் கைமாறிச் செல்லும்போது பகுதியின் பெயர் உதிர்ந்துவிடுகிறது, இனத்தின் பெயரே மிஞ்சுகிறது. படிப்பவர் விழிப்புடன் இருக்க வேண்டிய முதல் இடம் இது.

அகப்பையில் விழுந்தவர்கள்

அடுத்து, ஒரே பானை என்று வைத்துக்கொண்டாலும் பருக்கையை எடுத்தது எப்படி என்று பார்க்க வேண்டும். ஊரடங்குக் காலத்தில் வீடு வீடாகச் செல்வது இயலாத காரியம். ஆகவே இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் வினாப்பட்டியலை இணையத்தில் ஏற்றி, சமூக ஊடகங்கள் வழியாகப் பரப்பினார்கள். விரும்பியவர்கள் நிரப்பினார்கள். அவர்கள் பெரும்பாலும் யாராக இருப்பார்கள்? கைப்பேசியும் இணைய வசதியும் உள்ளவர்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், நகரத்து இளைஞர்கள், மாணவர்கள், ஆய்வாளரின் நண்பர்கள். அப்படியானால் மலைக் கிராமத்து முதியவர் எங்கே? 2014 ஆகஸ்டில் சிஞ்சார் பகுதியிலிருந்து உயிர் தப்பி ஓடிவந்து, துகோக் மாவட்டத்து முகாம்களில் தங்கியிருந்த யாசிதிக் குடும்பங்கள் எங்கே?

மொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. எர்பில், சுலைமானியா நகரங்களில் வழங்குவது சொரானி என்னும் குர்து மொழி வழக்கு. துகோக்கில் வழங்குவது பாதினி. ஒரு வழக்கில் எழுதிய வினாப்பட்டியல் மற்ற வழக்கு பேசுபவருக்கு அதே தெளிவுடன் விளங்காது.

இதனால் விளையும் பிழையை ஓர் எளிய கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு வட்டாரத்தில் 1,000 பெரியவர்கள் இருப்பதாகக் கொள்வோம். நகரத்தில் 300 பேர், கிராமங்களில் 700 பேர். நகரத்தாரில் 60 விழுக்காட்டினரும், கிராமத்தாரில் 30 விழுக்காட்டினரும் ஊசியை விரும்புகிறார்கள். அப்படியானால் விரும்புவோர் 180 + 210 = 390 பேர், அதாவது 39 விழுக்காடு. இணையப் படிவம் நகரத்தாரை மட்டுமே அடைந்தால் அது 60 விழுக்காடு என்று சொல்லும். கிராமத்தார் அதிகம் விரும்புகிறவர்களாக இருந்தால் பிழை எதிர்த்திசையில் போகும். பிழை எந்தத் திசையில் என்பது படிவத்தைப் பார்த்துத் தெரியாது. இங்கேதான் ஆபத்து இருக்கிறது.

"அப்படியானால் இன்னும் ஏராளமானவர்களைக் கேட்டால் போயிற்று" என்று நீங்கள் நினைக்கலாம். அதுவும் பயன் தராது என்பதற்கு உலகத்தின் செல்வ நாடான அமெரிக்காவிலேயே சான்று இருக்கிறது. அங்கே பேஸ்புக் வழியாக வாரந்தோறும் ஏறத்தாழ 2,50,000 பேரைக் கேட்டு ஓர் ஆய்வு நடந்தது. 2021 மே மாதத்தில், ஒரு தவணையாவது போட்டுக்கொண்ட பெரியவர்களின் விழுக்காட்டை அது உண்மையைவிட 17 புள்ளிகள் கூடுதலாகக் காட்டியது. அதே காலத்தில் ஏறத்தாழ 1,000 பேரை மட்டும் முறைப்படி தேர்ந்தெடுத்துக் கேட்ட ஒரு சிறிய ஆய்வு உண்மைக்கு மிக அருகில் வந்தது. 2021 டிசம்பரில் 'நேச்சர்' இதழ் இந்த ஒப்பீட்டை வெளியிட்டது. பானையைக் கிளறாமல் எத்தனை அகப்பை எடுத்தாலும் மேற்சோறுதானே வரும்?

எந்த நாளில் கேட்டார்கள்?

மனப்பான்மை என்பது உயரம் போன்ற நிலையான அளவு அன்று. அது காய்ச்சலைப் போல ஏறி இறங்குவது. ஈராக்கின் அண்டை நாடான குவைத்தை எடுத்துக்கொள்வோம். 2020 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் 7,241 பேரிடம் இணையம் வழியாகக் கேட்டபோது 53.1 விழுக்காட்டினர் ஊசிக்கு இசைந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் வேறொரு குழுவினர் இணையம் வழியாகவே கேட்டபோது குவைத்தில் 23.6 விழுக்காட்டினரே இசைந்தனர். உலகிலேயே மிகக் குறைந்த எண்களுள் ஒன்றாக இது பல கட்டுரைகளில் எடுத்தாளப்பட்டது. ஆனால் நடந்தது என்ன? 2021 முடிவதற்குள் குவைத்தில் பத்துப் பேரில் ஏழு பேருக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டுவிட்டார்கள்! ஊசி போடாதவர்கள் பெரிய அங்காடிகளுக்குள் நுழையக்கூடாது என்று 2021 ஜூனில் வந்த கட்டுப்பாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. எப்படியிருப்பினும் டிசம்பர் மாதத்து எண் எதிர்காலத்தைச் சொல்லும் சோதிடமாக இல்லை என்பது தெளிவு.

குர்திஸ்தான் பகுதியிலும் நாள் முக்கியம். 2020 டிசம்பரில் அங்கே அரசு ஊழியர்களின் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் கிடந்தது. சுலைமானியா வட்டாரத்தில் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள், உயிர்களும் பலியாயின. மருத்துவமனை ஊழியர்களுக்கும் சம்பளம் வரவில்லை. அந்த மாதத்தில் ஒருவரிடம், "அரசு ஊசி கொடுத்தால் நம்புவீர்களா?" என்று கேட்டால் அவர் விடை ஊசியைப் பற்றியதா, அரசைப் பற்றியதா?

2021 மார்ச் 15 அன்று, அரிதான இரத்த உறைவு பற்றிய ஐயத்தால் ஜெர்மனி, பிரான்சு, இத்தாலி ஆகிய நாடுகள் ஆஸ்ட்ராசெனெகா ஊசியை நிறுத்தி வைத்தன. பத்து நாள் கழித்து, மார்ச் 25 அன்று, அதே ஊசியின் 3,36,000 தவணைகள் ஈராக்கில் வந்து இறங்கின. ஐரோப்பியர் நிறுத்திய ஊசி நமக்கு வருகிறதே என்று ஒருவர் தயங்கினால் அதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியுமா? நன்மையே மிகுதி என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு மார்ச் 18 அன்றே அறிவித்திருந்தது. அச்சம் பரவிய வேகத்தில் அந்த விளக்கம் பரவவில்லை.

கேள்வியின் சொற்களும் விடையை மாற்றுகின்றன. 2020 ஜூனில் 19 நாடுகளில் 13,426 பேரிடம் எடுத்த ஆய்வில் 71.5 விழுக்காட்டினர் ஊசியை ஏற்கக்கூடும் என்றனர். "வேலை கொடுப்பவர் சொன்னால் ஏற்பீர்களா?" என்றபோது இசைந்தவர் அதைவிடக் குறைவே. ஊசி அதே ஊசி, மனிதர்களும் அதே மனிதர்கள். சொல்பவர் யார் என்பது மாறியதும் விடையும் மாறிவிட்டது.

'தயக்கம்' என்னும் சொல்

தடுப்பூசித் தயக்கத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு ஓர் இலக்கணம் வகுத்திருக்கிறது. தடுப்பூசி கிடைக்கும் நிலையிலும் அதை ஏற்கத் தாமதிப்பதோ மறுப்பதோதான் தயக்கம் என்பது அதன் சாரம். 'கிடைக்கும் நிலையிலும்' என்ற சொற்களைக் கவனியுங்கள். ஊசியே வந்து சேராத நாட்களில் நடத்திய ஆய்வு தயக்கத்தை அளக்கவில்லை. கண்ணால் காணாத ஒரு பொருளைப் பற்றிய ஊகத்தையே அளந்தது. அந்த ஊகத்துக்கும் பயன் உண்டு. ஆனால் அதற்குத் தயக்கம் என்று பெயர் சூட்டுவது பொருந்தாது.

கிடைத்த பின்னரும் கிடைப்பதில் பல படிகள் உண்டு. துருக்கியின் சுகாதார அமைச்சகம் 2021இல் மாகாணவாரியாக நிறந்தீட்டிய ஒரு படத்தை வெளியிட்டு வந்தது. அதில் குர்து மக்கள் மிகுந்து வாழும் தென்கிழக்கு மாகாணங்கள் பல சிவப்பாகத் தெரிந்தன. ஷான்லிஉர்பா மாகாணம் கடைசி வரிசையில் இருந்தது. 'குர்துகள் ஊசியை வெறுக்கிறார்கள்' என்று இதற்குப் பொருள் கொள்ளலாமா? அந்த மாகாணத்தில் அரபு மக்களும் துருக்கியரும் வாழ்கிறார்கள். சிரிய அகதிகளும் ஏராளம். துருக்கியில் 1965க்குப் பிந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் தாய்மொழி விவரம் வெளியிடப்படவில்லை. ஆகவே அந்தப் படத்திலிருந்து குர்து மக்களைத் தனியே பிரித்துப் பார்க்க வழியில்லை. மேலும் ஷான்லிஉர்பா நாட்டிலேயே இளைஞர் விகிதம் மிகுந்த மாகாணங்களுள் ஒன்று. துருக்கியில் முதியோரிலிருந்து தொடங்கிப் படிப்படியாக இறங்கிவந்தபடியால் இளைஞர்களுக்கு முறை வந்தது ஜூன் மாத இறுதியில்தான். அந்தக் கோடையில் அம்மாகாணத்துக் கூலித் தொழிலாளர்கள் குடும்பத்தோடு மற்ற மாகாணங்களின் வயல்களுக்கும் தோப்புகளுக்கும் அறுவடை வேலைக்குப் போய்விடுவது வழக்கம். வயது, வேலை, மொழி, நம்பிக்கை ஆகிய நான்கையும் கலந்து பூசிய சிவப்பு அது.

மொழி என்று சொன்னேன். துருக்கியில் குர்து மொழியில் எதையும் வெளியிடுவதையே தடுத்த ஒரு சட்டம் 1983இல் வந்து 1991 வரை நீடித்தது. இன்றும் அரசின் மொழி துருக்கி மொழி ஒன்றே. ஈராக்கிலோ 2005இல் வந்த அரசியல் சட்டம் அரபு மொழியோடு குர்து மொழியையும் ஆட்சிமொழியாக ஏற்றது. உடலுக்குள் செலுத்தும் மருந்தைப் பற்றித் தாய்மொழியில் கேட்டறியும் வாய்ப்பு எல்லைக்கு இப்பால் ஒரு விதம், அப்பால் வேறு விதம்.

அறியாமையா, அவநம்பிக்கையா?

ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே பரிந்துரையோடு முடிகின்றன. மக்களுக்கு அறிவு புகட்ட வேண்டும், விழிப்புணர்வு இயக்கம் நடத்த வேண்டும் என்பது அது. தவறில்லை. ஆனால் போதுமா?

1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜா என்னும் குர்து ஊரின்மீது சதாம் உசேனின் அரசு நச்சு வாயுக் குண்டுகளை வீசியது. ஏறத்தாழ 5,000 பேர் மடிந்தார்கள். தன் நாட்டு அரசே வேதியியலைத் தன்மீது ஏவியதைக் கண்ட தலைமுறை இன்னும் அங்கே வாழ்கிறது. தடுப்பூசித் தயக்கத்துக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதற்கும் சான்று வேண்டும். ஆனால் நம்பிக்கை என்பது பாடப்புத்தகத்திலிருந்து மட்டும் வருவதன்று, அனுபவத்திலிருந்தும் வருவது. 'அறிவு' என்று பத்துக் கேள்வி கேட்டு மதிப்பெண் போடும் வினாப்பட்டியலில் அந்த அனுபவத்துக்கு இடமில்லை.

வேறோர் அனுபவமும் உண்டு. 2014இல் ஈராக்கில் இரண்டு குழந்தைகளுக்கு இளம்பிள்ளைவாதம் கண்டது. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அந்நாட்டில் தலைகாட்டிய நோய் அது. உடனே குர்திஸ்தான் பகுதி உட்பட நாடெங்கும் ஊழியர்கள் சொட்டு மருந்துடன் வீடு வீடாகச் சென்றார்கள். அகதி முகாம்களுக்கும் சென்றார்கள். அந்த ஆண்டு ஏப்ரலுக்குப் பின் அங்கே புதிய நோயாளி இல்லை. கோவிட் ஊசியிலோ, தொடக்கத்தில் மக்கள் இணையத்தில் பதிவு செய்துவிட்டு மருத்துவமனையைத் தேடிப் போக வேண்டியிருந்தது. வாசலுக்கு வந்த மருந்தையும் தேடிப்போக வேண்டிய மருந்தையும் ஒரே தராசில் வைக்கலாமா?

2021 மே மாதத்தில் ஈராக்கின் நஜாப் நகரில் ஷியா தலைவர் முக்ததா அல்-சதர் ஊசி போட்டுக்கொள்ளும் படம் வெளியானது. அதுவரை ஒதுங்கியிருந்த அவரைப் பின்பற்றுவோர் பலர் ஊசிக்கு வந்தார்கள். இது அரபு மக்களிடையே நடந்ததுதான். ஆயினும் பாடம் பொதுவானது. அவர்களுடைய மருத்துவ அறிவு ஒரே நாளில் கூடிவிடவில்லை. நம்புகிறவர் முன்னே நடந்தார், அவ்வளவுதான்.

நியாயமாகச் சொல்வதானால்

இத்தனையும் சொன்னதால் தயக்கமே இல்லை என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டாம். ஊசி போதிய அளவு வந்த பின்னரும் ஈராக்கில் பலர் போட்டுக்கொள்ளவில்லை. 2022 முடிவிலும் முழுத் தவணை பெற்றவர்கள் மக்கள்தொகையில் கால் பங்குக்கும் குறைவு. அச்சமும் வதந்தியும் உயிர்களைப் பறித்தன என்பது உண்மை.

ஆய்வாளர்களின் உழைப்பையும் குறைத்துப் பேசக்கூடாது. பணமும் வசதியும் இல்லாத நேரத்தில், நோய் பரவிக்கொண்டிருந்தபோதே, தங்கள் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டவர்கள் அவர்கள்தாம். அவர்களில் பலர் பகலில் நோயாளிகளைக் கவனித்த மருத்துவர்கள். தங்கள் மாதிரி முழுமையானதன்று என்பதைக் கட்டுரையின் இறுதியில் ஒப்புக்கொள்வதும் ஆய்வுலக வழக்கமே. பக்கவிளைவு பற்றிய அச்சம், இவ்வளவு விரைவில் ஊசி தயாரானது எப்படி என்ற ஐயம் போன்ற காரணங்களை மக்கள் வாய்மொழியாகவே பதிவு செய்வதற்கு இத்தகைய ஆய்வுகள் உதவும். ஒரு மருத்துவர் தம் ஊராரிடம் எதைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும் என்பதற்கு அது நல்ல வழிகாட்டி. 'எத்தனை பேர்' என்பதில் தவறினாலும் 'ஏன்' என்பதில் அவை நமக்கு ஏதேனும் கற்றுத் தரக்கூடும். குறையை இறுதிப் பத்தியில் ஒப்புக்கொண்டுவிட்டு, தலைப்பில் மட்டும் மக்கள் அனைவரின் பெயரையும் போடும் வழக்கம்தான் மாற வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டியவை

மாணவ நண்பர்களே! "இத்தனை விழுக்காடு மக்கள் தடுப்பூசியை மறுக்கிறார்கள்" என்ற செய்தியை இனி எங்கே கண்டாலும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். யாரைக் கேட்டார்கள், யாரைக் கேட்காமல் விட்டார்கள்? எந்த மாதத்தில் கேட்டார்கள், அப்போது ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது? எந்த மொழியில், எந்தச் சொற்களில் கேட்டார்கள்? கேட்ட நாளில் ஊசி அவர்களுக்குக் கிடைத்ததா? சொன்னதற்கும் பிறகு செய்ததற்கும் பொருத்தம் பார்த்தார்களா?

இந்த ஐந்துக்கும் விடை சொல்லும் ஆய்வை மதியுங்கள். விடை சொல்லாத ஆய்வையும் எறிந்துவிட வேண்டாம். ஒரு பருக்கையைப் பற்றிய செய்தியாக மட்டும் அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

கொள்ளைநோய் மீண்டும் வரும். எந்த ஆண்டில், எந்தக் கிருமியால் என்று யாரும் சொல்ல முடியாது. அப்போதும் ஊசி வரும், தயக்கமும் வரும், ஆய்வாளர்களும் வினாப்பட்டியலுடன் வருவார்கள். தயங்கி நிற்கும் மனிதர் குர்து மலைக் கிராமத்தவராயினும் வேறு எந்த நாட்டவராயினும், அவரை ஒரு விழுக்காட்டுக்குள் அடைத்து முத்திரை குத்துவது எளிது. அவர் வாசலுக்குச் சென்று, அவர் மொழியில், "உங்கள் அச்சம் என்ன?" என்று கேட்பது கடினம். ஆனால் சோறு வெந்ததா என்பதை அறியக் கடைசியில் அந்த ஒரு வழிதான் உண்டு.